பின்சீட்டு ஓட்டை

பனியில் கார் ஓட்டிய கதையை இனி யார் ஆரம்பித்தாலும், "அடுப்பில் பால் வைத்திருக்கிறேன்" என்று சொல்லி எழுந்து போய்விடுவதாக இருக்கிறேன். எங்கள் வீட்டில் பால் காய்ச்சுவது நானில்லை என்பது உறவுமுறை முழுக்கத் தெரிந்த விஷயம். தெரிந்தால் தெரியட்டும்.

உங்கள் வீட்டுக்கும் மார்கழிக் கடைசியில் ஒருவர் வந்து இறங்கியிருப்பார். முதல் நாள் வெயிலைத் திட்டுவார். இரண்டாம் நாள் கொசுவை. மூன்றாம் நாள் சாப்பிட்டு முடித்து வெற்றிலைத் தட்டு வரும் நேரத்தில் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, "இப்ப அங்க மைனஸ் இருபத்தி ரெண்டு" என்பார், யார் முகத்தையும் பார்க்காமல். மாட்டினோம். முழங்காலளவு பனி, விடியுமுன் எழுந்து வாசலை வெட்டித் தள்ளியது, கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டியது, நெடுஞ்சாலையில் முன்னால் போன லாரி வழுக்கியது, இவர் பிரேக்கைத் தொடாமல் வண்டி வழுக்கிய பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பியது. "பிரேக்க மிதிச்சிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும் மச்சான்." அந்த இடத்தில் மச்சான்மார் "அடேயப்பா" சொல்ல வேண்டும். நானும் தவறாமல் சொல்லி வருகிறேன். லாரி மட்டும் எல்லார் கதையிலும் ஒன்றேதான். வட அமெரிக்கா முழுவதும் அந்த ஒரு லாரிதான் வழுக்கிக்கொண்டு திரிகிறது போலும்.

கதை பொய் என்று சொல்லவில்லை. 1999 ஜனவரியில் டொராண்டோவில் கொட்டிய பனியை அள்ள முடியாமல் அந்த நகரத்து மேயர் மெல் லாஸ்ட்மன் ராணுவத்தையே கூப்பிட்டார். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் மாட்டாமல் கார் ஓட்டினால் அபராதம். வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் சாதா டயரின் ரப்பர் இறுகிப் பிடிமானம் குறைந்துவிடுமாம். இதெல்லாம் புதுக்கோட்டையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக் கூடாது. அவ்வளவு வெற்றிலை மென்றிருக்கிறேன்.

என் ஆத்திரம் வேறு. கஜா புயல் கரை கடந்த 2018 நவம்பர் 16ஆம் தேதி விடிந்தபோது கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடிப் பக்கமெல்லாம் தென்னையும் பலாவும் ரோட்டை மறித்துக் கிடந்தன. அரிவாளும் ரம்பமுமாக வெட்டி வெட்டி வழி உண்டாக்கி, ஆஸ்பத்திரிக்கு ஆளை ஏற்றிப்போனவர்கள் இங்கே ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது விருந்து முடிந்த வேளையில் இன்னொருவரை உட்காரவைத்து அதைச் சொல்லி நான் பார்த்ததில்லை. பனிக்கு மட்டும் அப்படி என்ன மரியாதை?

குளிர் நாட்டைப் பார்த்த முதல் புதுக்கோட்டைக்காரர்கள் இவர்களுமில்லை. மகாராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் ஆஸ்திரேலியாவின் மோலி ஃபிங்கைக் கல்யாணம் செய்துகொண்டு, பின்னாளில் பிரான்ஸில் குடியேறி, 1928இல் பாரிஸில் காலமானார். எத்தனை ஐரோப்பியக் குளிர்காலம் பார்த்திருப்பார்! திரும்பி வந்து எந்தத் திண்ணையிலும் உட்கார்ந்து பனிக்கதை சொன்னதாகத் தகவல் இல்லை. மற்ற விஷயங்களில் அவரைப் பற்றி யார் என்ன சொன்னாலும், இந்த ஒன்றுக்காக எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பு உண்டு.

இந்த வருஷம் கதையோடு நிற்கவில்லை, கார் வேறு சேர்ந்துகொண்டது. டொராண்டோ என்பது என் மனைவியின் தம்பிக்கு எங்கள் வீட்டில் வழங்கும் பெயர். அவருடைய அண்ணன் திருச்சி. திருச்சி மச்சான் காண்டிராக்ட் வேலை எடுத்துச் செய்பவர். நல்ல மனுஷன். பெங்களூரில் யாரோ ஓட்டிச் சலித்த நீளமான, தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும் சொகுசு செடான் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார். என்ன கம்பெனி என்று சொல்ல மாட்டேன். மூக்கில் ஒரு சின்னம் இருக்கும், அதைப் பார்த்ததும் பஞ்சர் கடைக்காரர் "நம்மகிட்ட ஆகாதுண்ணே" என்று கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

புதுக்கோட்டை மாவட்டத்து ரோடுகளில் ஓட்ட இப்படிப்பட்ட காரை நம்மவர்கள் ஏன் வாங்குகிறார்கள் என்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. அவற்றை எடுத்து வைக்கத்தான் இந்தக் கட்டுரையையே தொடங்கினேன். வேகத்தடையை வைத்தே முதல் காரணத்தை நிறுவிவிடலாம். விதிப்படி அது 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். நம் ஊர்களில் அகலத்தில் மிச்சம் பிடித்த ஜல்லியை உயரத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அந்தக் கார் ஒவ்வொன்றிலும் வயிற்றைத் தேய்த்துக்கொண்டுதான் இறங்கும். தேய்க்கும் ஓசை வரும்போதெல்லாம் திருச்சி மச்சான் கண்ணை மூடிக்கொள்வார், ஓட்டிக்கொண்டிருக்கும்போதுகூட. காரணங்களுக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தக் காருக்குள் என்னென்ன இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும்.

சீட்டைச் சூடாக்க ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கினால் மூன்று சிவப்புப் புள்ளிகள். ஸ்டியரிங்கைச் சூடாக்கத் தனியாக ஒன்று. வெயில் நாளில் நம்மூரில் நிறுத்தி வைத்த வண்டியின் ஸ்டியரிங்கைத் துண்டு போட்டுப் பிடித்து ஓட்டுகிறவர்கள் நாம். நமக்கு அதைச் சூடாக்கப் பொத்தான்! ஆனால் என் மாமியார் சீட்டுச் சூட்டைக் கண்டுபிடித்துவிட்டார். இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்த மாதிரி இருக்கிறதாம். அதற்கப்புறம் அவர் ஏறும் பயணங்களில் மேலே ஏசி 18 டிகிரி, கீழே மூன்று சிவப்புப் புள்ளி. எனக்கும் இடுப்பு வலி உண்டு. அவர் இல்லாத நேரத்தில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தேன். அதைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கியர் பக்கத்தில் இன்னொரு பொத்தான். அதில் 'ஸ்னோ' என்று எழுதியிருந்தது. டொராண்டோ அதைத் தடவிக் கொடுத்தார். "இது போதும் மச்சான். எங்க வேணா போலாம்." ஆதாரமாகக் கைப்பேசியில் ஒரு விளம்பரப் படத்தையும் காட்டினார். 1986இல் ஆடி கம்பெனி பின்லாந்தில் எடுத்தது. கைப்போலா என்ற ஊரில், பனிச்சறுக்கு வீரர்கள் சறுக்கி வந்து பறக்கும் செங்குத்து மேடையில், கீழிருந்து மேலே ஒரு செடான் ஏறுகிறது, யாரோ எண்ணெய் தடவாமல் விட்டுவிட்ட வழுக்குமரத்தில் ஏறுகிற மாதிரி. நானும் வாயைப் பிளந்துதான் பார்த்தேன். ஆனால் அது நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, ஆணி வைத்த டயர். திருச்சி மச்சானுடையதில் பின்சக்கரம் இரண்டுதான் தள்ளும். சொன்னேன். "அதெல்லாம் டிரைவர் கைல இருக்கு மச்சான்" என்றார்.

இப்போது ஓட்டைக்கு வருகிறேன்.

பின்சீட்டின் நடுவே கை வைக்கும் திண்டு இருக்கிறதல்லவா, அதை முன்னால் மடக்கினால் பின்னால் ஒரு குட்டிக் கதவு. கதவைத் திறந்தால் நேராக டிக்கிக்குப் போகும் ஓட்டை. பெங்களூர்க்காரர் எதையோ உடைத்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லையாம். பனிச்சறுக்குக் கட்டை வைப்பதற்காம். ஆளுயரக் கட்டைகளை டிக்கி வழியாகச் செருகி, பின்சீட்டில் இருக்கும் இரண்டு பேருக்கு நடுவில் நீட்டிக்கொண்டு, ஆல்ப்ஸ் மலைக்குப் போவார்களாம். இலுப்பூர், அன்னவாசல் பக்கத்திலிருந்து பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள் குறைவு. மலை இல்லாமலில்லை. சித்தன்னவாசல், நார்த்தாமலை, குடுமியான்மலை எல்லாம் இருக்கின்றன. எல்லாம் மொட்டைப் பாறை, சறுக்கினால் வேட்டியில் ஆரம்பித்து முட்டிவரை போய்விடும். ஆக, விலை கொடுத்து வாங்கிய ஓட்டைக்கு ஒரு வேலை தேடிக்கொடுப்பது குடும்பப் பொறுப்பாகிவிட்டது.

முதலில் துரட்டி போனது. முருங்கைக்காய் பறிக்கிற நீளத் துரட்டி. டிக்கி வழியாக அடிப்பக்கத்தைச் செருகியிருக்க வேண்டும். கொக்கிப் பக்கத்தைச் செருகிவிட்டார்கள். கீரனூர்வரை என் காதுக்குப் பக்கத்தில் அரிவாள் ஆடிக்கொண்டே வந்தது. அதற்கப்புறம் திரைச்சீலைக் கம்பி. அப்புறம் ஒட்டடைக் கம்பு. பி.வி.சி. பைப்பும் போகும் என்று திருச்சி மச்சான் பந்தயம் கட்டினார். போனது, ஆனால் அது முன்கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு நின்றதால் கியர் மாற்றும்போதெல்லாம் பைப்பிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. ஒரு கல்யாணத்துக்கு அரசாணிக்கால் போனது, அரசிலையோடு. போலீஸ்காரர் நிறுத்தி உள்ளே எட்டிப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் போகச் சொல்லிவிட்டார்.

ஓட்டைக்கு இன்னொரு குணம் உண்டு. அது கட்டையை மட்டுமா விடும்? மணத்தையும் விடும். கோட்டைப்பட்டினத்தில் வாங்கிய நெத்திலிக் கருவாட்டை மூன்று பைக்குள் கட்டி டிக்கியில் வைத்தோம். ஏசியைப் போட்டதும் கருவாடு எங்களோடு வந்து உட்கார்ந்துகொண்டது. வடகாட்டுப் பலாப்பழமும் அப்படியே. இரண்டையும் ஒரே நாளில் ஏற்றியது என் மனைவியின் யோசனை, அதைப் பற்றி நான் எதுவும் எழுதக் கூடாது என்று உத்தரவு. தோலுக்குப் பிடித்த அந்த வாடை போக யாரோ சொன்னார்கள் என்று காப்பித்தூளைக் கிண்ணத்தில் வைத்தார்கள். அதற்கப்புறம் கருவாட்டுக் காப்பி. இவ்வளவுக்கும் அந்தக் குட்டிக் கதவைச் சாத்தினால் போதும். ஆனால் சாத்தினால் மறுபடி திறக்கத் திருச்சி மச்சானுக்கு மட்டும்தான் தெரியும், அவருக்கும் சில நாள்தான்.

உச்சம் சேவல். கருப்பருக்கு நேர்ந்துவிட்ட சேவலைக் காலைக் கட்டிக் கூடையில் வைத்து டிக்கியில் ஏற்றியாயிற்று. அறந்தாங்கி ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போது, தோல் சீட்டுக்கும் மர வேலைப்பாட்டுக்கும் நடுவிலிருந்து ஒரு கொண்டை எழுந்தது. மாமியாரைப் பார்த்தது, என் மனைவியைப் பார்த்தது, ஏசிக் காற்றில் ஒருமுறை கண்ணைச் சிமிட்டியது. பிறகு கூவியது. ஜெர்மனியிலோ ஸ்வீடனிலோ அந்த ஓட்டைக்குப் படம் வரைந்த எஞ்சினியர் அன்று உடன் இருந்திருக்க வேண்டும்.

அந்தச் சேவல் வந்த பயணத்தைத்தான் சொல்ல வந்தேன். பொங்கலுக்கு முன்னால் குலதெய்வக் கோயிலுக்குப் போய்வருவது என்று முடிவாகி, கரும்பு, பானை, பச்சரிசி, சேவல், மாமியார் என்று எல்லாம் ஏறியாயிற்று. கரும்பின் அடி டிக்கியில், தோகை ஓட்டை வழியாக முன்சீட்டில் என் பிடரியில். முந்தின இரவு மார்கழி மழை கொட்டியிருந்தது. என் பழைய சின்னக் காரை எடுத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. நானும் இரண்டாவது தடவை சொல்லவில்லை. முன்சீட்டு எனக்கென்று முடிவாகியிருந்தது.

புதுக்கோட்டையைச் சுற்றி உள்ள செம்மண்ணும் சரளையும் ஒன்றும் செய்யாது, மழை விட்ட கொஞ்ச நேரத்தில் காலில் ஒட்டாது. அறந்தாங்கி தாண்டி ஆவுடையார்கோவில் பக்கம் போனால் கதை வேறு. கல்லணைக் கால்வாயின் கடைமடை, களிமண் பூமி. தண்ணீர் வருகிறதோ இல்லையோ சேறு வந்துவிடும். எங்கள் கோயிலுக்குத் தார் ரோட்டிலிருந்து பிரிந்து கண்மாய்க்கரைமேல் போக வேண்டும். ஒரு பக்கம் தளும்பத் தளும்பத் தண்ணீர், மறுபக்கம் கதிர் சாய்ந்த சம்பா வயல். கரைக்கு வந்ததும் டொராண்டோ வண்டியை நிறுத்தவைத்தார். திருச்சி மச்சானை இறங்கிப் பின்னால் உட்காரச் சொன்னார். ஸ்டியரிங்கைப் பிடித்தார். பொத்தானை அமுக்கினார். கண்ணாடியில் நட்சத்திரம் மாதிரி ஒரு பனித்துகள் படம் எரிந்தது.

கொஞ்ச தூரம் போனது என்பதை மறைக்கப் பார்க்கவில்லை. பிறகு பின்பக்கம் லேசாக வயலைப் பார்த்து நகர்ந்தது. அவர் அமைதியாக வழுக்கிய பக்கமே திருப்பினார், கதையில் சொன்னபடியே. வண்டியும் கதையில் இல்லாதபடி கீழே இறங்கி உட்கார்ந்துகொண்டது.

அந்தப் பொத்தான் செய்வது என்னவென்றால், சக்கரம் வெறுமனே சுழலாமல் இருக்க எஞ்சினின் வேகத்தை அடக்குகிறது, முதல் கியரை விட்டு இரண்டாவதில் மெல்லக் கிளப்புகிறது. வழுக்கும் தரையில் கிளம்ப நல்ல ஏற்பாடு. புதைந்த சக்கரத்துக்கு ஆகாது. சக்கரம் சுற்றத் தொடங்கியதுமே உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் பயந்துபோய் எஞ்சினை அமுக்கிவிடும். பனி தேசத்திலேயே புதைந்த வண்டியை எடுக்கும்போது அந்த வழுக்குத் தடுப்பை அணைத்துவிட்டு முன்னும் பின்னும் ஆட்டச் சொல்வார்களாம். இது எங்களுக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தபோது தெரிந்தது. அங்கே தெரிந்ததெல்லாம், மிதித்தால் வண்டி முனகும், விட்டால் இறங்கும் என்பதுதான். தள்ளப் போனோம். பின்சக்கரம் தள்ளும் வண்டியைப் பின்னால் நின்று தள்ளினால் சேறு எங்கே வரும் என்பதை வெள்ளை வேட்டி கட்டிப் போன எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஆட்கள் வந்துவிட்டார்கள். எங்கிருந்து வருவார்களோ தெரியாது. "ரைட்ல ஒடிங்க", "ஒடிக்காதீங்க, நேரா வச்சு மிதிங்க", "வைக்கோலப் போடுங்கய்யா", "போன அறுவடைக்குப் பெல்ட் வண்டியே இங்கதான் புதைஞ்சுச்சு." கடைசி ஆள் இதை ஆறுதலாகத்தான் சொன்னார். டிராக்டரோடு வந்த பையன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சக்கரத்தைக் குனிந்து பார்த்தான். டொராண்டோ அவனுக்குக் குளிர்கால டயரைப் பற்றி விளக்கினார். ரப்பர், பள்ளம், பனிச் சங்கிலி எல்லாம். அவன் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "எங்ககிட்ட கேஜ் வீல் இருக்குண்ணே. தொளி ஓட்ட மாட்றது. மாட்டிட்டு வரவா?" என்றான்.

கேஜ் வீல் தேவைப்படவில்லை. கயிறு கட்ட இடம்தான் கிடைக்கவில்லை. நான்கு பேர் சேற்றில் படுத்து அடியில் தேடினார்கள். எங்கே தொட்டாலும் வழவழவென்று பிளாஸ்டிக். பம்பரின் ஓரத்தில் தீப்பெட்டி அளவு மூடி ஒன்றைப் பையன்தான் நகத்தால் நெம்பி எடுத்தான். உள்ளே மரை போட்ட துளை. அதற்கான கொக்கி தனியாம், டிக்கியின் அடித்தட்டுக்குக் கீழே டூல் பெட்டியில். ஆக கரும்பை உருவி, பானையை எடுத்து, அரிசியை எடுத்து, சேவலைக் கரைமேல் உட்காரவைத்து, தட்டைத் தூக்கினால், ஸ்டெப்னி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. பஞ்சரானாலும் ஓடும் டயர் என்பதால் ஸ்டெப்னி கிடையாதாம். சுற்றி நின்றவர்கள் அதுவரை வண்டியை மதிப்போடுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டெப்னி இல்லை என்று தெரிந்ததும் அவர்கள் முகம் மாறியது. ஒரு பெரியவர் திருச்சி மச்சானிடம் மெதுவாக, "எவ்வளவுக்கு வாங்குனீங்க?" என்றார். மச்சான் சொல்லவில்லை.

மாமியார் இவ்வளவுக்கும் இறங்கவில்லை. மூன்று புள்ளியோடு உட்கார்ந்தே இருந்தார். அவரோடு சேர்த்துத்தான் டிராக்டர் இழுத்தது. பையன் டீசலுக்கு ஐநூறு ரூபாய் வாங்கிக்கொண்டான், அதில் தப்பில்லை. "அங்க டோ வண்டி வர்றதுக்கே ரெண்டு மணி நேரம் ஆகும் மச்சான், அதுவும் மைனஸ்ல" என்று ஆரம்பித்தார் டொராண்டோ. வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்த நான், என் வயசுக்குத் தகாத ஒரு வார்த்தையைச் சொன்னேன். என் மனைவி அதை இன்னும் மறக்கவில்லை.

அவர் ஊர் திரும்பிவிட்டார். போன வாரம் அங்கே ஒரு விருந்தாம், என் மனைவியிடம் தொலைபேசியில் அவருடைய வீட்டம்மா சொன்னது. சாப்பாடு முடிந்ததும் எல்லாரையும் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் தண்ணீரும் சேறுமாக, நடுவில் பத்தடி அகலக் கண்மாய்க்கரையில் சொகுசு செடானை ஓட்டிப்போன கதையைச் சொன்னாராம். பிரேக்கைத் தொடவேயில்லையாம். கதையில் டிராக்டர் இல்லை, நானும் இல்லை, சேவல் மட்டும் இருக்கிறது. எல்லாரும் "அடேயப்பா" சொன்னார்களாம்.

அந்தக் கரைக்கு இன்னும் கப்பி அடிக்கவில்லை. அடுத்த தைக்கு வருகிறவர்கள், என்ன பொத்தான் இருக்கிற வண்டியானாலும், தார் ரோட்டிலேயே வேப்பமரத்துக்குக் கீழே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். கோயில் அரை கிலோமீட்டர்கூட இல்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.